கடி மலையில், மருந்து அடிவாரத்தில்

ஜவ்வாது மலையைச் சுற்றி மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேலூரை ஒட்டி அடுக்கம்பாறையில் இன்னொன்று. வேலூர் நகரில் நூற்றாண்டு கடந்த சி.எம்.சி., திருப்பத்தூரில் அரசுத் தலைமை மருத்துவமனை. வரைபடத்தை விரித்துப் பார்ப்பவருக்கு இந்த மலை நல்ல சிகிச்சை கிடைக்கும் ஊர்களின் நடுவே அமைந்திருப்பதாகவே தோன்றும். ஆனால் சாமைக் கொல்லையில் கண்ணாடிவிரியனை மிதித்துவிட்டவருக்கும், தேன் எடுக்கப் போன இடத்தில் மலைத்தேனீ கொட்டியவருக்கும், வீட்டுச் சண்டையில் பூச்சிமருந்தைக் குடித்துவிட்ட பெண்ணுக்கும் அந்த மருத்துவமனைகள் பல மணி நேரத்துக்கு அப்பால் இருக்கின்றன. குக்கிராமத்திலிருந்து வண்டி வரும் இடம்வரை ஒற்றையடிப் பாதை, அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கோ புதூர்நாட்டுக்கோ மண்சாலை, அதற்குப் பிறகுதான் போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் பக்கம் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள். நஞ்சுக்கும் கடும் ஒவ்வாமைக்குமான சிகிச்சையை நாம் மருத்துவமனை வாசலில் தொடங்குவதாக வகுத்து வைத்திருக்கிறோம். மலையில் அந்த வாசலுக்கு முன்னாலேயே உயிர் போவதும் நிற்பதும் முடிவாகிவிடுகிறது. ஆகவே சிகிச்சையின் முதல் படியை மலைக்கு மேலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதும், அதற்கு வேண்டிய மருந்தும் ஆளும் முன்னுதாரணமும் ஏற்கெனவே நம் கையில் உள்ளன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒவ்வாமையை எடுத்துக்கொள்வோம். தேனீ, குளவி, கதண்டு கொட்டினால் பெரும்பாலோருக்கு வலியும் வீக்கமும் மட்டுமே வரும். சிலருக்கு மட்டும் உடலின் எதிர்ப்பு மண்டலம் கட்டுமீறிப் பொங்குகிறது. உடம்பெங்கும் தடிப்பு, தொண்டை அடைப்பு, மூச்சிரைப்பு, வாந்தி, சரசரவென்று இறங்கும் ரத்த அழுத்தம் என்று அது விரிகிறது. பிரிட்டனில் 1992 முதல் 1998 வரை இவ்வாறு நேர்ந்த சாவுகளை ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் ஒன்றுவிடாமல் ஆராய்ந்தார். உணவு ஒவ்வாமையில் மூச்சோ இதயமோ நிற்பதற்கு ஆன நேரம், நடுத்தரமாகப் பார்த்தால், 30 நிமிடம். பூச்சிக் கொட்டில் 15 நிமிடம். ஊசி மருந்தால் வந்த ஒவ்வாமையில் வெறும் 5 நிமிடம். ஆம்புலன்ஸ் சேவை உலகத் தரத்தில் இயங்கும் ஒரு நாட்டின் கணக்கு இது. பதினைந்து நிமிடத்தில் ஜவ்வாது மலையில் எந்த நோயாளியையும் எந்த மருத்துவமனைக்கும் கொண்டுபோக முடியாது. பல ஊர்களில் 108-க்கு அழைக்கும் அளவுக்கு அலைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்குப் போய்ச் சேரவே அவ்வளவு நேரம் பிடிக்கும். எவ்வளவு நல்ல சாலை போட்டாலும், எத்தனை வண்டிகளை நிறுத்தினாலும், மருந்து ஊரிலேயே இல்லாவிட்டால் இந்த ஒரு சாவைத் தடுக்க வழியில்லை.

அந்த மருந்து அட்ரினலின். நம் உடம்பே சுரப்பதுதான். மருந்தாக அது கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லிகிராம் அளவில் வருகிறது, மலிவு விலையில். சுருங்கும் மூச்சுக்குழாயை விரிக்கிறது, தளர்ந்த ரத்தக்குழாயை இறுக்குகிறது, தொண்டை வீக்கத்தைத் தணிக்கிறது, ஒவ்வாமைப் பொருள்கள் மேலும் வெளியேறுவதையும் மட்டுப்படுத்துகிறது. இத்தனையையும் ஒருசேரச் செய்யும் வேறு மருந்து கிடையாது. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடைக் கணக்கில் கிலோவுக்கு நூறில் ஒரு பங்கு மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொரு முறை. போடும் இடம் முக்கியம். கனடாவைச் சேர்ந்த எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் 1998இல் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், தசையில் போட்ட அட்ரினலின் ரத்தத்தில் உச்ச அளவை எட்டச் சராசரியாக 8 நிமிடமும், தோலுக்கடியில் போட்டது 34 நிமிடமும் எடுத்துக்கொண்டன. பதினைந்து நிமிடத்தில் முடிவாகிற ஒரு நிகழ்வில் இந்த வேறுபாடு எதைக் குறிக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

நடைமுறையோ வேறு மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டில் பூச்சிக் கொட்டுடன் ஒருவர் சிறு மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ போனால் முதலில் அவர் உடம்பில் ஏறுவது பெரும்பாலும் அவில் என்ற அரிப்பு மருந்து, கூடவே ஒரு ஸ்டீராய்டு. அவில் அரிப்பைக் குறைக்கும், தடிப்பை அடக்கும். அடைபடும் தொண்டையையோ விழும் ரத்த அழுத்தத்தையோ அது தொடாது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். தோல் தடிப்பு அடங்கியதும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, அதே வேளையில் உள்ளே ரத்த ஓட்டம் சரிந்துகொண்டிருக்கலாம். அட்ரினலின்மேல் உள்ள தயக்கத்துக்குக் காரணம் அதைச் சிரை வழியாகத் தவறான அளவில் செலுத்தினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் என்ற அச்சம். அந்த அச்சம் சிரை வழிக்குப் பொருந்தும். தசையில் சரியான அளவில் போடுவதற்குப் பொருந்தாது. வயதானவர், இதய நோயுள்ளவர் என்றாலும் உயிர்போகும் ஒவ்வாமையில் அதைத் தவிர்க்கக் கூடாது என்பதே இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட மருத்துவ விதி. இன்னொரு சிறு விஷயமும் உயிர் காக்கும். ரத்த அழுத்தம் விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். அவரைச் சட்டென்று நிமிர்த்தி உட்காரவைப்பதும் நடத்திக் கூட்டிப்போவதும் இதயத்தை நிறுத்திவிடலாம் என்பதை அதே பம்ஃப்ரி 2003இல் எடுத்துக்காட்டினார். கையைப் பிடித்து மலைப்பாதையில் இறக்கிக் கூட்டிவருவது நம் ஊரில் அன்பின் செயல். இந்த ஒரு நிலையில் அது ஆபத்து.

தேனீக் கூட்டமே கலைந்து நூற்றுக்கணக்கில் கொட்டும்போது நடப்பது வேறு. அப்போது ஒவ்வாமை இல்லாதவரையும் நஞ்சின் அளவே தாக்குகிறது. தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதாகிறது. முதல் நாளில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் அடுத்த சில நாள்களில் சிறுநீர் இல்லாமல் வருவார். கொடுக்குகளை நகத்தால் எடுப்பதா, கத்தி முதுகால் சுரண்டுவதா என்ற பழைய விவாதத்துக்கு 1996இல் கலிபோர்னிய ஆய்வு ஒன்று விடை சொன்னது. எப்படி எடுத்தாலும் சரி, எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதுதான் உடம்பில் ஏறும் நஞ்சின் அளவைத் தீர்மானிக்கிறது.

பாம்புக்கடியில் கால அளவு கொஞ்சம் நீளம், அதனாலேயே நாம் இழக்கும் உயிர்கள் கூடுதல் வேதனை தருபவை. அவற்றுள் பெரும்பகுதி காப்பாற்றியிருக்கக்கூடியவை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், அல்லேரி மலையை ஒட்டிய அத்திமரத்துக்கொல்லையில், வீட்டின் முன் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண்குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத வழியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து உடலை எடுத்துவந்த ஆம்புலன்ஸ் பாதை முடிந்த இடத்தில் நின்றுவிட, மிச்சத் தொலைவைத் தாய் உடலைச் சுமந்தே நடந்தார். நாடு முழுவதும் நாளிதழ்களில் வந்த செய்தி இது. அந்தச் சாவுக்குப் பிறகு சாலைக்கான பேச்சு வேகமெடுத்தது. ஆனால் அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை ஆம்புலன்ஸ் திரும்பிவந்த வழியைப் பற்றியே பேசின. போன வழியில், கடித்த நேரத்துக்கும் முதல் மருந்துக்கும் இடையில், அந்தக் குழந்தைக்கு எந்த இடத்தில் எந்தச் சிகிச்சை கிடைத்திருக்க முடியும் என்ற கேள்வி அதிகம் எழவில்லை. எழுந்திருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

இந்தியாவில் இறப்புகளின் காரணங்களை வீடுவீடாகக் கேட்டறிந்த ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள், ஆண்டுக்குச் சராசரியாக 58,000. அதே ஆய்வின் முந்தைய கட்டம் 2011இல் இன்னொன்றையும் சொன்னது. இறந்தவர்களில் 23 விழுக்காட்டினர்தாம் மருத்துவமனையில் இறந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலோ வழியிலோ. பாம்புக்கடிச் சாவு என்பதே பெரும்பாலும் மருத்துவமனைக்கு முந்தைய சாவு. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்து, 2030க்குள் சாவைப் பாதியாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. இலக்குகள் நல்லவை. அவை நிறைவேற வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஊசி அறை.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். இந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பங்கு மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இந்தியா முழுவதற்கும் உயிர்காக்கும் பொருளைத் தருபவர்கள் தமிழ்நாட்டின் ஒரு பழங்குடியினர், அது கைக்கு எட்டாமல் சாகிறவர்களில் தமிழ்நாட்டின் இன்னொரு பழங்குடியினர் இருக்கிறார்கள். இந்த நான்கு பாம்புகளும் கொல்லும் விதம் வேறு, கொடுக்கும் அவகாசமும் வேறு. கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இரண்டின் நஞ்சும் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. ஈறில், சிறுநீரில் ரத்தம் வரும்; கண்ணாடிவிரியன் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தால் போதும். கட்டுவிரியனின் கடிதான் மலைக் குடும்பங்களுக்குப் பெரும் வஞ்சகம் செய்வது. தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும், பல நேரம் வலியே இருக்காது, பல் தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், கண் இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசை செயலிழக்கும். இங்கே உயிரைப் பிடித்து வைப்பது ஒரு ரப்பர் பை. முகத்தில் வைத்து அழுத்தி மூச்சூட்டும் அந்தப் பையை விடாமல் அழுத்த ஓர் ஆள் இருந்தால், முழுக்க வாதம் வந்தவரையும் வென்டிலேட்டர் உள்ள இடம்வரை கொண்டுசேர்க்கலாம்.

விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பு இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் அரசின் கொள்கை. இருப்பு இருந்தும் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவதே பல இடங்களில் வழக்கம். காரணத்தை அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மைக் காரணம் பயம், அதுவும் நியாயமான பயம். குதிரையின் சீரத்திலிருந்து எடுக்கப்படும் இம்மருந்து மனித உடம்புக்கு அந்நியப் புரதம். அதுவே கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஒற்றை மருத்துவர், ஒரு செவிலியர், இரவு நேரம், வெளியே கூடியிருக்கும் உறவினர். ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் நோயாளி மூச்சுத் திணறினால் பழி யாருக்கு வரும் என்பது அந்த இளம் மருத்துவருக்குத் தெரியும். ஆகவே அவர் 108-ஐ அழைக்கிறார். நஞ்சு உடம்பில் ஒட்டிக்கொள்ளும் முன் இருக்கும் அருமையான ஒரு மணி நேரம் மலைச்சாலையில் கரைகிறது. பாம்புக்கடிச் சிகிச்சை மலையேறாததற்கு ஒவ்வாமையைக் கையாளும் துணிவு இல்லாததே காரணம். ஒவ்வாமை, நஞ்சு என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களில் இருக்கும் இரண்டும் இந்த ஊசி அறையில் ஒன்றாகிவிடுகின்றன.

இந்தப் பயத்துக்கு விடையளிக்கும் ஆய்வு பக்கத்திலேயே இலங்கையில் நடந்தது. டி சில்வா குழுவினர் 2011இல் வெளியிட்ட அந்த ஆய்வில், விஷமுறிவு மருந்து பெற்ற 1,007 நோயாளிகள் இடம்பெற்றனர். நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு வகை எதிர்விளைவு வந்தது, அவற்றில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கடுமையானவை. பயம் வெறும் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மருந்து தொடங்கும் முன் கால் மில்லிகிராம் அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டவர்களுக்குக் கடும் எதிர்விளைவு முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைந்தது. நம் மருத்துவர்கள் வழக்கமாக நம்பும் ஸ்டீராய்டும் அரிப்பு மருந்தும் எந்தப் பலனும் தரவில்லை. ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலின் தந்த பலனும் மங்கிப்போனது. இவ்வளவு தெளிவான சான்று வந்த பிறகும் மேசையில் அவிலும் ஸ்டீராய்டும் வரிசையாக இருக்க, அட்ரினலின் குப்பி அலமாரியின் மூலையில் இருப்பது மாற வேண்டும்.

வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் விஷமுறிவு மருந்து தொடங்குவது பொறுப்பற்றது என்று ஒரு மறுப்பு உண்டு. மருத்துவர்களே சொல்வது இது, மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. வென்டிலேட்டர் தேவைப்படுவது நஞ்சு முற்றிய பிறகு. முதல் பத்துக் குப்பிகள் நேரத்தில் இறங்கினால் அந்தத் தேவையே பலருக்கு வராமல் போகும். மருந்தின் ஒவ்வாமையை எதிர்கொள்ள வேண்டியவை அட்ரினலின், ஆக்சிஜன், சலைன், மூச்சுப் பை. இவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்பாற்பட்டவை இல்லை. எல்லோருக்கும் போட வேண்டும் என்பதும் இல்லை. நஞ்சேறாத கடிகள் ஏராளம். அறிகுறி தெரிந்தால் மட்டும், முதல் தவணையை அங்கேயே தொடங்கி, மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டியில் ஏற்றி அனுப்பலாம். இதே தர்க்கத்தை அரசு மாரடைப்பில் ஏற்றுக்கொண்டுவிட்டது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துவிட்டே மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். மாரடைப்புக்குச் சரியென்றால் விரியன் கடிக்கும் அது சரிதான்.

தேனீக் கொட்டுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் தொலைவுதான். அங்கே நாம் நம்ப வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர். பயிற்சி இல்லாத கையில் அட்ரினலினா என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் செவிலியரின் பையில் ஒவ்வாமைக்கான அவசரத் தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. தடுப்பூசிக்குப் பின் கடும் ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால், மருத்துவருக்காகக் காத்திராமல் வயதுக்கேற்ற அளவில் ஒரு முறை அட்ரினலினைத் தசையில் போட்டுவிட்டு அனுப்ப மத்திய அரசின் வழிகாட்டுதல் அவருக்கு அனுமதி தருகிறது. குப்பி, ஊசி, வயதுவாரி அளவுப் பட்டியல், பயிற்சி எல்லாம் உண்டு. தடுப்பூசி நாளில் குழந்தைக்குப் போடத் தகுதியுள்ள அதே செவிலியர், மறுநாள் அதே ஊரில் கதண்டு கொட்டி மூச்சுத் திணறும் தகப்பனுக்குப் போடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது. ஓர் ஆணையின் சொற்களை விரித்தால் போதும். மேலைநாடுகளில் நோயாளியே போட்டுக்கொள்ளும் பேனா வடிவ ஊசிகள் நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் மலைவாழ் குடும்பத்தின் கைக்கு எட்டாது. அளவு குறித்த சிறு ஊசியும் குப்பியும் அந்த வேலையைச் செய்யும். போட்ட பிறகு தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்ப வருவது உண்டு.

எளிய மருந்து கிராமத்திலேயே உயிர் காத்த வரலாறு இந்தியாவில் உண்டு. மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய ஹிம்மத்ராவ் பவஸ்கர், செந்தேள் கொட்டி இறந்துகொண்டிருந்தவர்களை 1980களில் பிராசோசின் என்ற மாத்திரையால் பிழைக்க வைத்தார். கொங்கண் கிராமங்களில் செந்தேள் சாவு அதன்பின் வெகுவாகக் குறைந்தது. நோயாளி சாகும் இடத்தில் இருந்தபடி ஆய்வு செய்தவர் அவர்.

குடித்த நஞ்சின் கதை வேறு. இங்கே முதல் உதவி என்ற பெயரில் நடப்பதே பல நேரம் தீங்கு. உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணம் கரைத்த நீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கிறார்கள். மயங்கும் நிலையில் இருப்பவருக்கு அது நுரையீரலில் இறங்குகிறது. உப்பு மிஞ்சினால் மூளையே பழுதாகிறது. எதையும் ஊற்றாமல், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்த துணியைக் களைந்து தோலைக் கழுவி, குடித்த புட்டியையோ தழையையோ கையோடு எடுத்துக்கொண்டு புறப்படுவதே சரி. பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துக்கு முதல் மருந்து அட்ரோபின். அதுவும் மலிவு. வங்கதேசத்தில் 2012இல் வெளியான ஆய்வில், அட்ரோபினை நெஞ்சில் நீர்ச்சத்தம் அடங்கும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டித்துக் கொடுத்த முறை, இறப்பை 22.5 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைத்தது. இந்த முறையைத் தொடங்க வண்டியே போதும். வட தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் கிடைக்கும் ஒடுவன் தழைக்கோ தனி முறிவு மருந்து கிடையாது. சி.எம்.சி. மருத்துவர்கள் பல காலமாக ஆராய்ந்து வரும் இந்த நஞ்சு ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, உடம்பில் அமிலத்தை ஏற்றி, நாள் கழித்து இதயத்தைத் தாக்கும். ‘நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. எந்த அளவு என்றாலும், எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மருத்துவமனையில் சில நாள் கண்காணித்தே ஆக வேண்டும்.

வீட்டில் மறைத்து வைப்பதற்கு வெட்கமும் போலீஸ் பயமும் காரணம். வழக்கு வரும் என்று அஞ்சிக் கால தாமதம் செய்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. போலீஸ் வழக்கு என்பதற்காக அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவரும் தள்ளிப்போடக் கூடாது என்று 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த இரண்டும் மலைக்கிராமங்களில் தெரிந்திருக்க வேண்டும். மனம் உடைந்தவர் 104-ஐயும் 14416-ஐயும் அழைத்துப் பேசலாம் என்பதும். இன்னும் ஒருபடி முன்னே போனால் இலங்கை மீண்டும் வழிகாட்டுகிறது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995லும் எண்டோசல்ஃபானை 1998லும் அங்கே தடை செய்தபின், 2005க்குள் தற்கொலைச் சாவு விகிதம் பாதியாயிற்று. குடிப்பவர் கைக்கு அந்தப் புட்டி எட்டாமல் செய்வதே மருத்துவமனைக்கு முந்தைய சிகிச்சைகளில் மிகப் பயனுள்ளது.

சாலைதான் தீர்வு, மற்றதெல்லாம் சாலை போடாமல் தப்பிக்கும் சாக்கு என்பது மலைவாழ் மக்கள் தரப்பிலிருந்து வரும் மறுப்பு. அதில் உள்ள கோபத்துக்கு முழு நியாயம் உண்டு. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கத்து ஊர்களிலிருந்து கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகள் ஆண்டுதோறும் வந்திருக்கின்றன. வனச்சட்டத்தின் அனுமதி இழுத்தடிப்பதால் சாலைகள் பல ஆண்டு காகிதத்திலேயே கிடக்கின்றன. சாலை வேண்டும், இன்றே வேண்டும். பாம்பு கடித்தவர் நடக்கக் கூடாது, நடந்தால் தசை இயக்கத்தில் நஞ்சு விரைந்து பரவும். ஆகவே சாலையே ஒரு சிகிச்சை. ஆனால் சாலை ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் பம்ஃப்ரியின் பதினைந்து நிமிடக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். சாலை முடியும்வரை மக்கள் காத்திருக்க வேண்டும் என்பதையும் எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. சாலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். செவிலியர் பையில் குப்பி வைக்க யார் அனுமதியும் வேண்டாம், சுகாதாரத் துறை ஒன்று போதும்.

மலையில் விஷக்கடி வைத்தியர்களின் இடமும் இந்தக் கேள்வியில் வருகிறது. மந்திரிப்பதும் வேர் கொடுப்பதும் நஞ்சை முறிக்காது. கடிவாயை அறுப்பதும் இறுக்கிக் கட்டுவதும் கை காலையே இழக்கச் செய்யும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. அதே நேரம் மக்கள் அவரிடம் போவதற்கு மூடநம்பிக்கை மட்டும் காரணமாக இருக்க முடியாது. நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருபவர் அவர் ஒருவர்தான். கடித்தவற்றில் பல நஞ்சில்லாப் பாம்புகள், நஞ்சுள்ளவையும் எல்லாக் கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. ஆகவே அவர் கைபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், நம்பிக்கை வளர்கிறது. அவரைப் பகைத்தால் நோயாளியை ஒளித்து அழைத்துப்போவார்கள். அவரையே முதல் தகவலாளராக்கி, கடிபட்ட உறுப்பை அசையாமல் கட்டையோடு சேர்த்து வைக்கவும், டோலிக்கு ஆள் கூட்டவும், கடித்த நேரத்தைக் குறித்துச் சொல்லவும் பழக்கினால் அவருடைய மதிப்பும் குறையாது, உயிரும் தங்கும். மலையாளிப் பழங்குடியினரின் ஊர் அமைப்பில் நாட்டார், ஊர்ப் பெரியவர் சொல்லுக்கு இன்னும் எடை உண்டு. அவர்கள் வழியாகச் செய்ய வேண்டிய வேலை இது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் சாவும் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அந்தப் படிவத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு, கடித்த நேரம், முதல் குப்பி ஏறிய நேரம், அது ஏறிய இடம், வழியில் எத்தனை மருத்துவ நிலையங்கள் மருந்து போடாமல் அனுப்பின என்ற நான்கும் பதிவாக வேண்டும். பூச்சிக் கொட்டுச் சாவுக்கும் குடித்த நஞ்சுக்கும் அதே கணக்கு வேண்டும். ஜமுனாமரத்தூர் ஒன்றியத்துக்கும், புதூர்நாட்டுக்கும், அணைக்கட்டு மலைப்பகுதிக்கும் இந்த நேரக்கணக்கை மாதந்தோறும் தனியாக எடுத்தால், எந்தத் துணை நிலையத்தில் அட்ரினலின் தீர்ந்திருக்கிறது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் தனியாக விடப்பட்டிருக்கிறார், எந்தச் சாலைத் துண்டில் நிமிடங்கள் போகின்றன என்பது ஆண்டு முடிவதற்குள் தெரிந்துவிடும். அப்போது அடுத்த குழந்தையைப் பற்றிப் பேசும்போது, விஷமுறிவு மருந்து எந்தப் படியில் நின்றது என்று பெயரும் தேதியும் சொல்லிக் கேட்க முடியும்.